ஒளி ஏன் தாமதிக்கிறது?

வெற்றிடத்தில் ஒளி வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் செல்கிறது. நீருக்குள் புகுந்ததும் அவ்வேகம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டராகக் குறைகிறது. கண்ணாடியில் சுமார் 2,00,000. வைரத்தில் சுமார் 1,24,000. ஆயினும் கண்ணாடியைக் கடந்து மறுபுறம் வந்தவுடன் ஒளி தன் பழைய வேகத்திலேயே செல்கிறது. களைத்துப்போன வண்டிமாடு அவ்வாறு தானே மீண்டும் பாய்வதில்லை. ஆகவே ஒளி கண்ணாடிக்குள் களைத்துவிடவில்லை என்பது தெளிவு. பின் அதன் வேகம் குறைவானேன்?

சந்தைக் கூட்டத்தில் முட்டி மோதிச் செல்பவனைப் போல, ஒளியும் அணுக்களின்மீது மோதித் தாமதிக்கிறது என்று விளக்குவோர் உண்டு. அது பொருந்தாது. அவ்வாறு மோதியிருந்தால் ஒளி நாற்புறமும் சிதறியிருக்கும். சன்னல் கண்ணாடி வழியே எதிர்வீட்டைத் தெளிவாகக் காண நமக்கு இயலாது.

நிகழ்வது வேறு. ஒளி என்பது மின்காந்த அலை. அது ஒரு பொருளுக்குள் நுழையும்போது அங்குள்ள எலெக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடும் எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் தானும் ஒரு சிற்றலையை எழுப்புகிறது. இச்சிற்றலைகள் மூல அலையோடு சற்றுப் பின்தங்கியே கூடுகின்றன. மலையேறும் பஜனைக் குழுவில் முன்பாட்டுக்காரர் தாளம் தவறாமல் பாட, பின்பாட்டுக்காரர்கள் இம்மியளவு பிந்திப் பாடினால், நம் செவியில் விழும் மொத்த ஓசை சற்றுப் பிந்தியதாகவே இருக்கும் அன்றோ? அதுபோலப் பொருளின் ஒவ்வோர் அடுக்கிலும் சிறு பிந்துதல் நேர்கிறது. அவை கூடிக் கூடி வேகக் குறைவாகின்றன. பொருளைவிட்டு வெளியேறியதும் பின்பாட்டு நின்றுவிடுகிறது, தாமதமும் நின்றுவிடுகிறது.

நீரில் ஒளி மெதுவாகச் செல்கிறது என்பதே ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. ஒளியைத் துகள் என்று கொண்ட நியூட்டன் வழியினர், நீரில் அதன் வேகம் கூடவேண்டும் என்றனர். 1850-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ, சுழலும் ஆடியொன்றைக் கொண்டு, வேகம் குறைவதையே காட்டினார்.

வெற்றிடத்தில் உள்ள வேகத்தைப் பொருளில் உள்ள வேகத்தால் வகுத்தால் கிடைப்பது ஒளிவிலகல் எண். நூல்களில் இதற்கு ஈடாக 'அடர்ந்த ஊடகம்', 'அடர்வு குறைந்த ஊடகம்' என்றும் எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மைத் தயங்கவைக்கும் சொற்கள் இவை. தேங்காய் எண்ணெய் நீரில் மிதக்கிறது; எனவே நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆனால் ஒளி நீரைக் காட்டிலும் எண்ணெயில்தான் அதிகம் தாமதிக்கிறது. எடையன்று காரணம், எத்தனை எலெக்ட்ரான்கள் உள்ளன, அவை எவ்வளவு எளிதில் ஆட இசைகின்றன என்பதே காரணம். சொல் பிசகினால் மாணவன் மனத்தில் பொருளும் பிசகும்.

நாம் சுவாசிக்கும் காற்றும் இந்த நியதிக்கு விலக்கன்று. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.0003. வினாடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தை ஒளி காற்றில் இழக்கிறது. மேலே மெலிந்தும் கீழே செறிந்தும் காற்று இருப்பதால் ஒளியின் பாதை வளைகிறது. திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரி, பெயரிலேயே நிலவைத் தாங்கிய ஊர். அப்பக்கத்துச் சமவெளியில் நின்று, அடிவானத்தை அப்போதுதான் தொட்டு நீங்கும் முழுநிலவைக் காண்போமானால், உண்மையில் அந்நிலவு இன்னும் அடிவானத்திற்குக் கீழேதான் இருக்கிறது! காற்று அதன் ஒளியை வளைத்து நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறது.

இந்தச் சிறு தாமதத்தைப் பயன்கொள்ளும் நிலையமும் அவ்வட்டாரத்திலேயே உள்ளது. சந்திரகிரியைக் கடந்து சித்தூர்த் திசையில் சென்றால் காதங்கி என்னும் சிற்றூர் வரும். அங்கே இந்திய விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கு ஒரு பெரிய ராடார் அமைந்தது. பழைய வீட்டு மாடிகளில் தொலைக்காட்சிக்காக நாட்டிய ஏரியல் போன்ற 1,024 ஆன்டெனாக்கள் அதற்காக வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டன. அது 53 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையை விண்ணை நோக்கி அனுப்புகிறது. வானொலி அலை ஒளியின் உடன்பிறப்பே. ஈரமான காற்றில் சற்று அதிகமாகவும், உலர்ந்த காற்றில் சற்றுக் குறைவாகவும் தாமதிக்கிறது. காற்றின் கொந்தளிப்பால் இத்தாமதம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஏறத்தாழ மூன்று மீட்டர் இடைவெளியில் அமையும் மாறுதல்கள், அனுப்பிய அலையில் ஒரு துளியைத் திருப்பி அனுப்புகின்றன. அந்த எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து, பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எத்திசையில், எவ்வேகத்தில் வீசுகிறது என்று கணிக்கிறார்கள்.

பருவமழையை எதிர்நோக்கி வாழும் நாட்டிற்கு மேற்காற்றின் போக்கை அறிவது சிறு செய்தியன்று. கண்ணுக்குப் புலனாகாத காற்றின் நடையை, ஒளியினத்து அலைகளின் தாமதமே நமக்குச் சொல்கிறது. வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் பலர் குடும்பத்தோடு திருப்பதிக்கு வருவதுண்டு. அடுத்த முறை சித்தூர்ச் சாலையில் செல்ல நேர்ந்தால், உடன்வரும் குழந்தைகளுக்குக் காதங்கியைச் சுட்டிக்காட்டி இச்செய்தியைத் தமிழிலேயே சொல்லுங்கள்.