உடம்புச் சூடு: பெரியவருக்கு இதம், பிஞ்சுக்கு ஆபத்து



தெலுக் பங்லிமா காராங்கின் மத்தியான வெயிலைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வெளியே வருகிறவருக்கு நாக்கு வறண்டிருக்கும், கண் எரியும். "உடம்பு சூடாகிப் போச்சு" என்பார். சீனர் கடையில் ஒரு குவளை கசப்பு மூலிகைத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். கிள்ளான் வட்டாரத்தில் இது தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாருக்கும் பழகிப்போன காட்சி.

சீன வைத்தியத்தில் உட்சூட்டைத் தணிக்கப் பல கஷாயங்கள் உண்டு. அவற்றில் பெயர் பெற்ற ஒன்று 'ஹுவாங் லியன் ஜியே து தாங்'. கி.பி. 752-இல் வாங் தாவ் தொகுத்த மருத்துவ நூலிலேயே இது இடம்பெற்றுள்ளது. ஹுவாங் லியன், ஹுவாங் சின், ஹுவாங் பாய், ஜி ஸி ஆகிய நான்கே சரக்குகள்தாம். 'ஹுவாங்' என்றால் மஞ்சள். முதல் சரக்கான ஹுவாங் லியன் கசப்புக்குப் பேர்போனது.

இந்தக் கருத்து நமக்கும் புதிதல்ல. நாம் நிலவேம்பு என்பதைச் சீனர்கள் 'சுவான் சின் லியன்' என்றும், மலாய்க்காரர்கள் 'ஹெம்பெடு பூமி' என்றும் அழைக்கிறார்கள். செடி ஒன்றுதான். மூன்று வீட்டிலும் அதே கசப்பு, அதே நம்பிக்கை.

அப்படியானால் சிக்கல் எங்கே? பெரியவர் குடித்த அதே தண்ணீரில் ஒரு தேக்கரண்டி, பிறந்து சில நாளான குழந்தையின் வாய்க்குப் போகிறதே, அங்கேதான்! "பிள்ளைக்கு மஞ்சள் பூத்திருக்கு, சூடு இறங்கட்டும்" என்று பாட்டி அன்போடுதான் கொடுக்கிறார். ஆனால் அந்த அன்பு ஆபத்தாகிவிடலாம்.

ஹுவாங் லியனிலும் ஹுவாங் பாயிலும் பெர்பெரின் என்ற பொருள் இருக்கிறது. குழந்தையின் உடம்பில் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிரூபின், இரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை பெரிய தீங்கு இல்லை. பெர்பெரின் அந்தப் பிடியைத் தளர்த்துவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. பிடி விட்ட பிலிரூபின் மூளைக்குள் போனால் காது கேளாமை, கைகால் முடக்கம், ஏன், மரணமே நேரலாம்.

ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகள் கூடுதல் கவனத்துக்குரியவர்கள். இந்தக் குறை ஆண் பிள்ளைகளிடம் அதிகம். சில மூலிகைகளும், துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையும் இவர்களின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனை செய்யப்படுகிறது. அந்த முடிவு என்ன என்று எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

பக்கத்து நாடான சிங்கப்பூர், பிறந்த குழந்தைகளின் மஞ்சள்காமாலையைக் கருதி 1978-இல் பெர்பெரினுக்குத் தடை விதித்தது. பிறகு சோதனையும் சிகிச்சையும் முன்னேறிய நிலையில், 2013-இல் இந்த இரு சரக்குகளுக்கும் தடையை நீக்கியது. தடை போனதால் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. இது சீன மருந்துக்கு மட்டும் சொல்கிற குற்றமும் அல்ல. நம் நாட்டு வைத்தியத்து மரமஞ்சளிலும் இதே பெர்பெரின் உண்டு.

ஆகவே வீட்டில் மூன்று பழக்கம் வேண்டும். பிறந்த குழந்தைக்குக் கஷாயமோ மூலிகைத் தண்ணீரோ ஒரு சொட்டும் வேண்டாம். பிள்ளைக்குப் பாலூட்டும் தாயும் கர்ப்பிணியும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைக் குடிக்க வேண்டாம். கடையில் பொட்டலமாக வாங்கும் பெரியவர்கள், எம்-ஏ-எல் என்று தொடங்கி 'டி' என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளாகி, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், இளவெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பந்திங் மருத்துவமனைக்கோ கிள்ளானுக்கோ கொண்டு போங்கள். நீல விளக்கின் கீழ் வைத்துக் கொடுக்கும் சிகிச்சை பெரும்பாலான குழந்தைகளை நலமாக வீடு திருப்பிவிடும்.

பெரியவர்கள் வெயிலுக்கு ஒரு குவளை கசப்பு குடிப்பது அவரவர் விருப்பம். தொட்டிலில் கிடக்கும் பிஞ்சுக்குத் தாய்ப்பாலே போதும்.