முதலில் குளிசை, பிறகு தேத்தண்ணி



ஹட்டன், நுவரெலியா பக்கம் விடியற்காலைக் குளிருக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி இல்லாமல் முடியாதுதான். ஆனால், தைரொயிட் குறைபாட்டுக்கு தைரொக்சின் குளிசை போடும் கர்ப்பிணித் தாய்மாரே, உங்களுக்கு முதலில் குளிசை. பிறகுதான் தேத்தண்ணி.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள். தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி நேரமாவது பொறுங்கள்.

கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியம் குளிசையும் தருகிறார்கள். தோட்டத்தில் காலை வேலைப் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில், எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி வாயில் போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் இரும்பும் கல்சியமும் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. மூன்றும் தேவைதான். ஆனால் தைரொக்சின் தனியாக. மற்றவை நான்கு மணி நேரம் கழித்து.

அயடின் கலந்த உப்புதானே சாப்பிடுகிறோம், குளிசை எதற்கு என்று கேட்கலாம். தைரொயிட் சுரப்பியே சரியாக வேலை செய்யாதபோது உப்பு மட்டும் போதாது.

முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளையால் தைரொயிட் ஹோர்மோனைச் சொந்தமாகச் சுரக்க முடியாது. அதன் மூளை வளர்ச்சிக்குத் தாய் கொடுத்தால்தான் உண்டு. அதனால் பலருக்குக் குளிசையின் அளவைக் கூட்ட வேண்டி வரும். பிள்ளை உண்டானது தெரிந்தவுடனே மிட்வைஃபிடமோ டொக்டரிடமோ சொல்லுங்கள். இரத்தம் பார்த்து அளவைச் சொல்வார்கள்.

பிள்ளைக்கு ஆகாது என்று யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தைரொக்சின் தனியாக. வெறும் தண்ணீரோடு. தினமும்.