காசு கொடுத்தவரை மட்டும் எண்ணுங்கள்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை பிடிக்க முதல் லயத்துக்குப் போக வேண்டும். சுருக்கமாகவே பேசுகிறேன்.

நாலு மாதத்துக்கு முன் மூன்று பேர் என்னிடம் வந்து கடன் படிவம் நிரப்பித் தரச் சொன்னார்கள். ஒருவருக்குத் தையல் மெசின், ஒருவருக்குக் கோழி, ஒருவருக்கு இடியப்பக் கடை. "யார் வாங்குவார்கள்?" என்று கேட்டேன். மூவரும், "விசாரிச்சேன் சேர், எல்லாரும் வாங்குறோம்னு சொன்னாங்க" என்றார்கள்.

சொல்வார்கள்தான். ஒரே லயத்தில் இருந்துகொண்டு முகத்துக்கு நேரே யார் வேண்டாம் என்பார்?

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அம்மா 50 வயதில் வேலையை விட்டு, சேமலாப நிதியை எடுத்து முன் காம்பராவில் கடை போட்டார். மாதாமாதம் சம்பளத்தில் வெட்டிய 8 வீதமும் தோட்டம் போட்ட 12 வீதமும் சேர்ந்த காசு அது. சம்பள நாளில் சனம் காசோடு டவுனுக்குப் போனது. மற்ற நாளில் கடனுக்கு எங்கள் கடைக்கு வந்தது. ஒன்றரை வருடத்தில் கடையை மூடினோம். கடன் கொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறது.

அதனால் இடியப்ப அக்காவிடம், "கடையும் வேண்டாம், கடனும் வேண்டாம். வீட்டு அடுப்பில் தினம் 50 இடியப்பம் அவித்து, கொழுந்து நிறுத்துவிட்டு எல்லாரும் திரும்பும் நேரம் காசுக்கு மட்டும் விற்றுப் பாருங்கள்" என்றேன். 10 ஆம் திகதி சம்பளம் போட்ட பிறகு ஐந்து நாள். அடுத்த சம்பளத்துக்கு முந்திய, கை வறண்ட ஐந்து நாள். யார் வாங்கினார், எத்தனை, கடன் கேட்டவர் யார் என்று எல்லாவற்றையும் மகள் கொப்பியில் எழுதினாள்.

முதல் ஐந்து நாளும் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அக்காவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிந்திய ஐந்து நாளில் பாதி மிஞ்சியது. வீட்டில் மூன்று வேளையும் இடியப்பம்தான்!

ஆனால் கொப்பியில் ஒன்று தெரிந்தது. வறண்ட நாளிலும் தவறாமல் வாங்கியவை 11 வீடுகள். பெரும்பாலும் அம்மா வெளிநாட்டில் இருக்க, பாட்டி பிள்ளைகளைப் பார்க்கும் வீடுகள். இப்போது அக்கா காலையில் அந்த வீடுகளில் கேட்டு, மாலையில் அந்தக் கணக்குக்கே அவிக்கிறார். மாவும் தேங்காயும் போக ஏதோ மிஞ்சுகிறது. கடன் எடுக்கவில்லை.

தையல் தங்கச்சி பக்கத்து வீட்டு மெசினில் தைத்து, பாதிக் காசு முற்பணம் தருபவரை எண்ணிக்கொண்டிருக்கிறார். தீபாவளிக்கு வரும் கூட்டத்தை வைத்து வருடக் கணக்குப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன். கோழிக்கார அண்ணன் என்னோடு கோபித்துக்கொண்டு கடன் எடுத்துவிட்டார். அவருக்கு நல்லா வரட்டும்.

குழுக் கடன் எடுப்பவர்கள் யோசியுங்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் தலையில் விழும். கோழி செத்தாலும் கிழமைத் தவணைக்கு ஆள் வரும்.

இன்னொன்று. கைத்தொழில் செய்யச் சொல்லிச் சம்பளப் பிரச்சினையை மறக்கடிக்க நான் ஆளில்லை. அது வேறு, இது வேறு.

படிவம் நிரப்ப வருகிறவர்கள் பத்து நாள் விற்ற கொப்பியையும் கொண்டுவாருங்கள். ஞாயிறு பின்னேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பேன்.