சொல் கிடைக்காவிடில் பேச்சு நிற்கலாமா?

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஏரி, சாலை, உரம், விதை ஆகியவற்றைப் பற்றியே இம்முகாமில் இதுகாறும் பேசி வந்தோம். இன்று, ஆங்கிலத்தில் பேசும்பொழுது சொல் கிடைக்காமல் திகைத்து நிற்கும் நிலையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். 'ஏர் பிடிக்கும் நமக்கு ஆங்கிலம் எதற்கு?' என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நம் மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழே. அதற்கான சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும், வெள்ளச் சேதத்தைப் பார்வையிட வரும் மத்தியக் குழுவினரிலும், வங்கி அலுவலரிலும் தமிழ் அறியாதார் உண்டு. அவர்களிடம் நம் ஊரின் குறையை உணர்த்துவது நம் பொறுப்பேயாகும்.

நாம் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறோம். ஒரு பெருமழைக்குப் பின்னர், வெளி மாநிலத்தைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் ஒரு கிராமத்து ஏரியைப் பார்வையிட வந்தார். ஏரியின் கலிங்கு உடைந்திருந்தது. அவ்வூர்த் தலைவர் படித்தவர். ஆங்கிலம் ஓரளவு பேசுவார். ஆனால் கலிங்கு என்பதற்கு ஆங்கிலச் சொல் அவருக்குத் தெரியவில்லை. தவறாகப் பேசினால் நகைப்பார்களோ என்று அஞ்சி, சாலையைப் பற்றி மட்டும் பேசி முடித்துக்கொண்டார். உடன் நின்ற நமக்கும் அச்சொல் அச்சமயம் நினைவிற்கு வரவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அதிகாரியின் குறிப்பேட்டில் சாலை ஏறிற்று, கலிங்கு ஏறவில்லை. உடைந்த கலிங்கின் வழியே நீர் வடிந்தது. கடைமடை நிலங்கள் அவ்வாண்டு தரிசாகக் கிடந்தன.

அதே நாள் பிற்பகலில், அடுத்த ஊரில் பெண் உறுப்பினர் ஒருவர் முன்வந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். 'டேங்க் ஃபுல். எக்ஸ்ட்ரா வாட்டர் கோ. தட் வால் புரோக்கன்' என்றார். ஒரு குச்சியை எடுத்து, ஈர மண்ணில் ஏரியையும் கரையையும் கலிங்கையும் கீறிக் காட்டினார். அதிகாரி உடனே விளங்கிக்கொண்டு, கலிங்கு வரை நடந்து சென்று பார்த்து எழுதிக்கொண்டார். இருவரில் ஆங்கிலம் மிகுதியாகக் கற்றவர் தலைவரே. ஆனால் ஊருக்குப் பயன்பட்டது அவ்வம்மையாரின் பேச்சன்றோ?

இவ்வாறு சொல்லின் இடைவெளியைத் தாண்டும் வழிகளை மொழியறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். எலைன் டரோன் என்னும் அறிஞர் 1977ஆம் ஆண்டில் இவ்வழிகளை வகைப்படுத்தினார். பலூன் என்ற சொல்லை அறியாதவர் 'ஏர் பால்', அதாவது காற்றுப் பந்து, என்று கூறுவதை அவர் எடுத்துக்காட்டினார். சொல் தெரியாத பொருளை விட்டுவிட்டு வேறொன்றைப் பேசுவது ஒரு வகை. கையிலுள்ள சொற்களைக் கொண்டே கருத்தை நிறைவேற்றுவது மற்றொரு வகை. முன்னதைத் தலைவரும் பின்னதை அம்மையாரும் கைக்கொண்டனர். 1995ஆம் ஆண்டில் ஸோல்டான் டோர்ன்யெய் என்னும் அறிஞர், ஹங்கேரி நாட்டு மாணவர்க்கு ஆறு வாரங்கள் இத்தகைய பயிற்சி அளித்து ஆராய்ந்து, இவ்வழிகளைக் கற்பிக்கக்கூடும் என்ற முடிவினைத் தெரிவித்தார்.

ஆகவே, நாம் கைக்கொள்ளத்தக்க வழிகள் நான்கினைக் கூறுகிறோம். முதலாவது, பெயர் தெரியாத பொருள் என்ன வேலை செய்கிறது என்பதைக் கூறுக. இரண்டாவது, பொருளையோ இடத்தையோ நேரில் காட்டுக. இயலாவிடில் படம் கீறுக. மூன்றாவது, தமிழ்ச் சொல்லையே கூறி, 'இதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?' என்று அருகிலிருப்போரைக் கேட்க. நான்காவது, சிந்திக்கச் சற்று நேரம் வேண்டுமெனில், 'ஒன் மினிட், சார்' என்று கூறி நிதானித்துக்கொள்க. கேட்பவர் காத்திருப்பார், ஆனால் மௌனமாக நின்றால் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்.

தமிழ்ச் சொல்லைக் கூறுவதில் நாணம் வேண்டுவதில்லை. கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்தில் ஏறி அகராதிகளில் இடம்பெற்றவையே. பட்டா, புறம்போக்கு, ஆயக்கட்டு ஆகியவை ஆங்கிலக் கோப்புகளிலும் அவ்வாறே எழுதப்படுகின்றன. வேடிக்கை யாதெனில், அன்று நாம் தேடித் தவித்த கலிங்கும் அத்தகைய சொல்லே! 1886ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதியில் அது 'கலிங்குலா' என்று காணப்படுகிறது. நம் வாயிலேயே இருந்த சொல்லை வெளியிடாமல் விழுங்கினோம்.

எனினும், ஓர் எச்சரிக்கை கூறுதல் நம் கடமை. பிறர் பேசுவது விளங்காதபோது, 'எஸ், எஸ்' என்று தலையசைத்தல் கூடாது. மௌனத்தினும் அது தீங்கானது. ஏக்கர் கணக்கு, கடன் தொகை, வட்டி, தவணைத் தேதி ஆகியவற்றில் உத்தேசமான பேச்சு உதவாது. எண்களைத் தாளில் எழுதிக் காட்டுக. மீண்டும் சொல்லுமாறு கேட்க. கையொப்பமிட வேண்டிய பத்திரமெனில், தமிழில் படித்து விளக்கக் கேட்ட பின்னரே பேனாவை எடுக்க வேண்டும். மொழிபெயர்க்க ஒருவரை உடன் அழைத்துக்கொள்வது எவ்வகையிலும் இழிவன்று.

ஒவ்வொரு ஊராட்சியிலும் ஏரி, வாய்க்கால், பயிர், கால்நடை பற்றிய சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தல் நலம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இதற்கு உதவுவார்கள். அந்நோட்டில் இல்லாத சொல்லும் ஒருநாள் தேவைப்படும். அப்பொழுது அவ்வம்மையாரை நினைவு கூருங்கள். இலக்கணம் பிழைத்தால் எவருக்கும் நட்டமில்லை; ஊரின் குறை சொல்லப்படாது போனால் கடைமடைக்காரனுக்கே நட்டம்.