பிள்ளைகளின் உடற்பருமன்: இல்லமும் பள்ளியும்

 

புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தபோது, 1930ஆம் ஆண்டில், பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவளிக்கும் ஏற்பாடு தொடங்கப்பெற்றது. பசித்த வயிற்றோடு பிள்ளை பாடம் கேட்கலாகாது என்பதே அதன் பொருள். அந்தக் கவலை இன்றும் முற்றாக நீங்கிவிடவில்லை. ஆயினும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின், அதே காரைக்காலின் வகுப்பறையில் வயதுக்கேற்ற எடை இல்லாத பிள்ளையும் வயதை மீறிய எடை கொண்ட பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்திருக்கக் காண்கிறோம். முதற்பிள்ளையைக் கண்டால் ஊரே இரங்குகிறது. இரண்டாம் பிள்ளையைக் கண்டால் ஒருசாரார் கன்னத்தைக் கிள்ளி மகிழ்கின்றனர். மற்றொரு சாரார் பட்டப்பெயர் சூட்டி நகைக்கின்றனர். இரண்டும் அப்பிள்ளைக்குத் தீங்கே.

இது எங்கோ அயல்நாட்டில் நிகழ்வதன்று. இந்தியாவில் 5 முதல் 19 வயது வரையிலானவருள் உடற்பருமன் உடையோர் 1990ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 லட்சம் பேர். 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். உலக ஆய்வறிஞர் பலர் கூடித் தொகுத்து 2024இல் வெளியிட்ட மதிப்பீடு இது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைப் பற்றித் தனியே அறிய வேண்டுமாயின், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு ஒரு செய்தி தருகிறது. இங்கே 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 46 பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். அது பெரியவர்களைப் பற்றிய கணக்காயிற்றே என்று எண்ணலாம். தாயும் மகளும் உண்பது ஒரே அடுக்களையில் சமைத்த உணவு என்பதை நினைத்தால் கணக்கின் பொருள் விளங்கும்.

கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையே நலமான பிள்ளை என்னும் எண்ணம் காவிரிக் கழிமுகத்தில் ஆழ வேரூன்றியது. அதனைப் பாட்டிமாரின் அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. காய்ச்சலும் கழிச்சலும் வந்தால் மெலிந்த பிள்ளை தாங்காது என்பதைக் கண்ணாரக் கண்ட தலைமுறை அது. அக்காலத்தில் அந்த அறிவு சரியானதே. காலம் மாறிற்று, அன்பைக் காட்டும் வழி மட்டும் மாறவில்லை. "பிள்ளை இளைத்துவிட்டதே" என்ற ஒரு சொல்லில், மருத்துவர் ஆறு திங்களாகச் சொல்லி வந்த அறிவுரை கரைந்துபோகும் இல்லங்கள் உண்டு.

சமணக் குடும்பங்களுக்கென்றே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. "எங்கள் இல்லத்தில் புலால் இல்லை, முட்டை இல்லை, ஆகவே இந்த நோய்கள் எங்களை அணுகா" என்னும் நம்பிக்கையே அது. புலால் மறுத்தல் அறத்தின்பாற்பட்டது. அதன் பெருமை அறத்தினால் வந்தது. அது இடையளவுக்குப் பிணை நிற்பதில்லை. மைதாவும் சர்க்கரையும் வனஸ்பதியும் பொரித்த எண்ணெயும் தாவரத்திலிருந்து வந்தவையே! காலையில் நான்கு இட்லி, இடைவேளையில் கிரீம் பிஸ்கட், நண்பகலில் சோறும் அப்பளமும், மாலையில் பேக்கரி பஃப்ஸ், இரவில் நெய்த்தோசை என்று உண்ணும் பிள்ளை ஓர் உயிருக்கும் ஊறு செய்யாமல் தன் உடலுக்கு ஊறு செய்துகொள்கிறது. கிழங்கு வகைகளை அடுக்களைக்குள் விடாத இல்லத்துப் பிள்ளை, பள்ளி வாயிலில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தைப் பிரித்து நிற்பதும் உண்டு. நோன்பு வீட்டுப் படியோடு நின்றுவிடுகிறது.

குளிர்பானத்தைப் பற்றியும் ஒரு சொல். 250 மில்லி லிட்டர் புட்டியில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை உண்டு. ஐந்தாறு தேக்கரண்டி என்று கொள்ளலாம். பழச்சாறு என்று அட்டைப்பெட்டியில் விற்பவை பலவும் இதற்குச் சளைத்தவை அல்ல. பிள்ளைக்குப் பழம் தருவதாக எண்ணித் தாய் வாங்குவது பெரும்பாலும் இனிப்பு நீரே. மாம்பழத்தை மாம்பழமாகவே தின்னக் கொடுக்கலாம். மாங்கனிக்கென்றே திருவிழா எடுக்கும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

அடுத்து, வேளை. கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தல் சமணர் வாழ்வில் பழமையான ஒழுக்கம். சிற்றுயிர் பேணுதலே அதன் நோக்கம்; உடல்நலம் அதன் பக்கப் பயன். ஒரே உணவை உண்டாலும், காலையில் சர்க்கரையைக் கையாளும் திறமை உடலுக்கு இரவில் குறைந்துவிடுகிறது என்று இன்றைய உடலியல் சொல்கிறது. பல இல்லங்களில் தாத்தா பாட்டியர் இன்றும் இவ்வொழுக்கத்தைக் காக்கின்றனர். பேரப்பிள்ளையோ பள்ளி முடிந்து, தனிவகுப்பு முடிந்து, எட்டரை மணிக்கு வீடு திரும்பி, ஒன்பது மணிக்குக் கைப்பேசியைப் பார்த்தவாறு வயிறு நிறைய உண்டு, பதினொன்றரைக்குப் படுக்கிறது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும். உறக்கம் குறைந்த பிள்ளைக்கு மறுநாள் பசி மிகும். அதுவும் இனிப்பின்மேலும் பொரியலின்மேலும் செல்லும். தனிவகுப்புக்குச் செல்லுமுன், மாலை ஐந்தரை மணிக்கே, சோறோ சப்பாத்தியோ காய்கறியோடு முழு உணவாகக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்தபின் ஒரு குவளை நீரோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் இரு வாரம் பிள்ளை முணுமுணுக்கும். தாயின் மாலை வேலையும் கூடும்; அதனைத் தந்தையும் பகிர்ந்துகொள்ளாவிட்டால் இந்த ஏற்பாடு ஒரு திங்கள்கூட நிலைக்காது.

பிள்ளையின் எடை மிகையா என்பதைக் கண்ணால் மதிப்பிடுவது பிழையாகும். பெரியவர்களுக்குரிய அளவெண்ணையும் பிள்ளைக்கு அப்படியே பொருத்தலாகாது. வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணையில் வைத்தே மருத்துவர் முடிவு செய்வார். வீட்டில் ஒரு நூல் கொண்டு பார்க்க எளிய வழி உண்டு. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் உயரத்தை நூலால் அளந்து, அந்நூலை இரண்டாக மடித்து இடையைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். மடித்த நூல் இடையைச் சுற்றி வர எட்டவில்லையெனில் மருத்துவரிடம் காட்டுதல் நலம். மற்றோர் அறிகுறியும் உண்டு. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் தோன்றும். அழுக்கு என்று கருதித் தாய்மார் பயத்தமாவும் பீர்க்கங்கூடும் கொண்டு தோல் சிவக்கத் தேய்க்கின்றனர், பிள்ளை அழுகிறது. அது அழுக்கன்று. இன்சுலின் செவ்வனே வேலை செய்யவில்லை என்பதைத் தோல் காட்டும் குறிப்பாக அது இருக்கக்கூடும். இரண்டாம் வகை நீரிழிவு, கல்லீரலில் கொழுப்பு படிதல், இரத்த அழுத்தம் ஆகியவை பள்ளிப் பருவத்திலேயே தோன்றுகின்றன. அப்பருவத்திலேயே கண்டால் பெரும்பாலும் திருப்பிவிடலாம்.

அவ்வாறு கண்டபின் பெற்றோர் செய்யும் பெரும்பிழை, அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் தட்டை மாற்றுவது. அண்ணன் லட்டு தின்னத் தம்பி வெள்ளரிக்காய் தின்பது மருத்துவமன்று, தண்டனை. மாறுவது வீடு முழுவதும் மாறவேண்டும். புறத்தவம் ஆறனுள் அவமோதரியம் என்பது பசியளவினும் சற்றுக் குறைத்து உண்பது. இரசபரித்தியாகம் என்பது நெய், இனிப்பு முதலிய சுவைகளைத் துறப்பது. இவற்றைப் பிள்ளைமேல் சுமத்தாமல் பெரியோர் தாம் மேற்கொண்டால், பிள்ளை பார்த்துக் கற்கும். எடை குறைப்பதற்கென்று பிள்ளையைப் பட்டினி நோன்பில் இருத்துவது கூடவே கூடாது. பருவ நாளில் பக்தியால் ஒருவேளை விடுவது வேறு. வளரும் உடலைப் பசியால் ஒடுக்குவது வேறு. பெரும்பாலான சிறுவர்க்கு எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை. எடை ஏறாமல் நிறுத்தினால் போதும், உயரம் வளர்ந்து கணக்கைச் சரிசெய்துவிடும். ஏளனச் சொல்லோ ஒரு நாளும் பிள்ளையை இளைக்கச் செய்ததில்லை. மறைவில் உண்ணவே கற்றுக்கொடுக்கும்.

பள்ளியின் பங்கு சிறிதன்று. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டிலேயே விதி வகுத்துள்ளது. விதி ஏட்டில் இருக்கிறது. வாயிலில் தள்ளுவண்டி நிற்கிறது. வண்டிக்காரரைத் துரத்துவது நீதியும் ஆகாது. அவர்க்கும் பிள்ளைகள் உண்டு. வேகவைத்த கடலையும் கொய்யாவும் அவரே விற்கலாம், வாங்குவார் இருந்தால். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமைன்-பி என்னும் நச்சுச் சாயம் கண்டறியப்பட்டபோது புதுச்சேரி அரசு அதன் விற்பனையைத் தடுத்தது, தமிழ்நாடும் பின்பற்றியது. சாயத்துக்கு ஊரே அஞ்சியது. சாயமில்லாத சர்க்கரைக்கு அஞ்சுவார் இல்லை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில், பள்ளிதோறும் 'சர்க்கரைப் பலகை' வைக்கப் பணித்தது. எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை, நாளொன்றுக்கு எவ்வளவு தகும் என்பவற்றைப் பிள்ளைகள் நாளும் காணும் இடத்தில் எழுதிவைப்பது அது. புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளும் அண்மையில் இவ்வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டமையால் இப்பணிப்பு அவற்றுக்கும் உரியதே. பலகையை ஆசிரியர் எழுதுவதினும், மாணவரே பொட்டலத்தின் பின்புறச் சிற்றெழுத்தைப் படித்துக் கணக்கிட்டு எழுதினால் கணக்குப் பாடமும் ஆகும்.

விளையாட்டு வேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவதும், அதனைத் திருப்பித் தராததும் யாவரும் அறிந்ததே. 5 முதல் 17 வயதினர்க்கு நாள்தோறும் 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வாரம் இருமுறை நாற்பது நிமிடம் அதற்கு ஈடாகாது. காரைக்காலோ மேடுபள்ளமற்ற சமநிலம். மொத்தப் பரப்பே ஏறத்தாழ 160 சதுரக் கிலோமீட்டர்தான். அரசலாறு கடலோடு கலக்குமிடத்தில் மணற்பரப்பு விரிந்து கிடக்கிறது. மிதிவண்டியில் பத்து நிமிடத் தொலைவிலுள்ள பள்ளிக்கு வேன் அமர்த்தும் பெற்றோர், சாலை வண்டிகளுக்கு அஞ்சியே அவ்வாறு செய்கின்றனர், அவ்வச்சம் பொய்யன்று. ஒரு தெருப் பிள்ளைகள் எண்மரும் ஒருங்கே செல்ல, முறைவைத்துப் பெற்றோர் ஒருவர் உடன் சென்றால் அச்சம் பெரிதும் தீரும்.

இன்னொன்று. பிறந்தநாளன்று வகுப்பு முழுவதற்கும் சாக்லேட் வழங்கும் வழக்கம் பரவிவிட்டது. வகுப்பில் நாற்பது பேர் எனில், நாற்பது சாக்லேட் நாட்கள். அதற்கு ஈடாகப் பள்ளி நூலகத்துக்கு ஒரு கதைநூல் தரலாம் என்று பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒருமுறை முடிவெடுத்தால் போதும். விழாப் பந்திகளிலும் பிள்ளைகளின் இலையில் இனிப்பு ஒன்றுக்குமேல் விழாதிருக்கவும், பருப்புச் சுண்டலும் காயும் மறுமுறை கேட்டு வைக்கவும் பரிமாறுவோர் நினைவில் கொள்ளலாம். இன்றைய பந்தி தொடங்க இன்னும் ஒரு நாழிகை இருக்கிறது. அடுக்களையில் உள்ளோர் செவிக்கும் இது எட்டட்டும்.