ஓர் ஆய்வேடும் ஓர் ஊர்ப்பெயரும்



இருப்புப்பாதையே இல்லாத இத்தீவில் இரயில்வே எழுத்தருக்கு என்ன வேலை என்று வினவுவோர் உளர். தாய்நிலம் செல்வோருக்கு இரயில் முன்பதிவு செய்து கொடுப்பதே எம் பணி. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கிய யாம் பட்டப்படிப்பு ஆய்வேட்டைப் பற்றிப் பேச வந்தது துணிச்சலே. எனினும், சென்ற ஆண்டு எம் மகள் அனைத்துலக உறவுத் துறையில் ஓர் ஆய்வேடு எழுதிய ஆறு திங்களும் எம் வீட்டுக் கூடமே கல்லூரியாக இருந்தது. அங்குக் கண்டதையே கூறுகின்றோம்.

முதலில் அவள் கொண்ட தலைப்பு, இந்துமாக்கடலில் வல்லரசுகளின் போட்டி. கேட்கப் பெருமிதமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய பேராசிரியர், "இதில் நீயே நேரிற் சென்று கேட்டறியக்கூடியது எது?" என்று ஒரே வினா விடுத்தாராம். வீடு திரும்பியவள் அன்றிரவு உண்ணவில்லை.

அனைத்துலக உறவு என்றவுடன் நம் பிள்ளைகள் வாஷிங்டனையும் பெய்ஜிங்கையும் நோக்குகின்றனர். நம் வாயிலிலேயே அது நிற்கின்றது. கிரேட் நிக்கோபாரின் தென்முனையிலிருந்து சுமாத்திரா 200 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவே. இந்தோனேசியாவுடன் 1974-லும், தாய்லாந்துடன் 1978-லும், பர்மாவுடன் 1986-லும் கடலெல்லை உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. இவற்றினும் நமக்கு நெருங்கியது கச்சால் தீவு. இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சில அங்கேதான் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பெற்றன. மகள் அதனையே பற்றிக்கொண்டாள்.

வரலாறு தாங்கள் அறிந்ததே. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் ஓர் உடன்பாடு கண்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவிற்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பது. அந்த எஞ்சியோரையும் 1974-இல் சரிபாதியாகப் பிரித்தனர். யாம் பார்சல்களைக் கூட இத்துணை எளிதாகப் பங்கிட்டதில்லை! அவ்வெண்களுள் ஒன்றாக இருந்த ஒருவர் அதனை எவ்வாறு உணர்ந்தார் என்பதே மகளின் வினா. ஒரு வினா, அதற்கு மேல் இல்லை.

காலத்திட்டம் வகுத்ததில் எமக்குச் சிறு பங்குண்டு. வண்டி சேரும் நேரத்தை முதலில் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுவது எம் தொழில். ஒப்படைக்கும் நாளை முதலில் எழுதினோம். கட்டடம் செய்ய, திருத்த, எழுத என்று பின்னோக்கி வந்தோம். கப்பல் ஓடாத நாட்களுக்கென்று பத்து நாட்களைத் தனியே ஒதுக்கினோம். அப்பத்தும் போதவில்லை. நிக்கோபார் பழங்குடியினர் காப்பகமாதலால் அனுமதி பெற வேண்டும். அது கைக்கு வந்த வாரத்தில் கடல் கொந்தளித்தது. ஆகவே கச்சாலைக் காணாமலே, ஆழிப்பேரலைக்குப் பின் அங்கிருந்து வந்து இந்நகரில் வாழும் நால்வரைக் கண்டு அவள் உரையாடினாள். கச்சாலுக்குச் செல்ல இயலவில்லை என்பதை ஆய்வேட்டின் முதற்பக்கத்திலேயே எழுதினாள். "அதை ஏன் முன்னே சொல்கின்றாய்?" என்று யாம் கேட்டதும் உண்மை.

நால்வருள் ஒருவர் எழுபதைக் கடந்த மூதாட்டியார். 1971-இல் தந்தையுடன் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கியதாகக் கூறினார். ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கையில் அவ்வரியைப் படித்த யாம் திடுக்கிட்டோம். 1964 திசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகள் வண்டியொன்று அதிலிருந்தோருடன் கடலில் மூழ்கியது. உடன்பாடு கையெழுத்தாகி இரண்டு திங்களும் நிரம்பவில்லை. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திற்கே வந்தது. இதனை அறியாத இரயில்வேக்காரர் இரார்.

"இராமேசுவரம் என்று மாற்றிவிடு, அம்மா, யார் கேட்கப் போகின்றார்கள்?" என்றோம்.

"அவர் சொன்னதை மாற்ற எனக்கு உரிமை ஏது, அப்பா?" என்றாள் மகள். மறுநாட் காலையே மூதாட்டியாரிடம் மீண்டும் சென்றாள்.

அவர் சற்றுச் சிந்தித்துவிட்டு, இறங்கியது இராமேசுவரத்தில்தான் என்றாராம். ஆனால் அவர் தந்தை சிறுவனாக இலங்கைக்குப் போனது தனுஷ்கோடி வழியே. "வந்த வழியே திரும்பிப் போகிறோம்" என்று கப்பலில் தந்தை சொல்லிக்கொண்டே வந்தாராம். கரையில் இறங்கியதும், "இது தனுஷ்கோடி இல்லையே" என்று அங்கேயே அமர்ந்து அழுதாராம். அவ்வூர் மறைந்த செய்தி அவருக்கு அன்றுதான் தெரியும்.

எம் சொற்படி அவ்வொரு பெயரைத் திருத்தியிருந்தால் இச்செய்தி எவர்க்கும் கிட்டியிராது. மூதாட்டியார் முதலிற் கூறியதையும் பின்னர்க் கூறியதையும் மகள் இரண்டையும் எழுதி, புயலின் நாளையும் அடிக்குறிப்பிற் சேர்த்தாள். குறித்த நாளில், மாலை நான்கு மணிக்கு, ஏட்டை ஒப்படைத்தாள்.

அதன் ஒரு படியை மூதாட்டியாருக்குக் கொடுத்தோம். மற்றொரு படி நம் சங்க நூலகத்திற்காக இதோ தலைவர் அவர்களின் கையில் உள்ளது.