ஏட்டுக்கு முன் செவி



மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பர். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் அமிழ்த்தி, அதன் மறுமுனையைச் செவியில் வைத்துக் கேட்பது பழைய வழக்கம். தோணியில் ஒருவர் பேசினாலும் அந்த மெல்லோசை மறைந்துவிடும். இத்தகைய பொறுமை ஆங்கில வகுப்புகளில் அரிதாகவே காணப்படுகிறது.

1814 ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ட் பாதிரியார் இங்கே பள்ளி தொடங்கினார். ஆங்கிலக் கல்வி அத்துணைப் பழையது. எனினும், படுவான்கரைச் சிறுவன் ஒருவன் அச்சில் கண்டு பொருள் கூறும் வாக்கியத்தையே பிறர் வாயிற் கேட்டால் திகைத்து நிற்கிறான். குற்றம் அவனுடையதன்று. வீட்டிலும் வயலிலும் அம்மொழி அவன் செவியில் விழுவதில்லை. கண்ணால் மட்டுமே அதைக் கற்றிருக்கிறான்.

ஆங்கிலப் பேச்சில் ஓர் அசை ஓங்க, அயலிலுள்ள சிறு சொற்கள் ஒடுங்கிவிடுகின்றன. ‘பிரெட் அண்ட் பட்டர்’ என்பதில் நடுச்சொல் வெறும் ‘ன்’ ஆகத் தேய்ந்துவிடும். அந்தத் தேய்வைப் பிடித்துத் தருவது பாட்டின் தாளம். ‘புக்’ என்பதைப் ‘புக்கு’ என்று நீட்டும் பிள்ளை, அந்த உகரத்துக்குத் தாளத்தில் இடமில்லை என்பதைத் தானே உணர்ந்துகொள்ளும்.

எல்லாப் பாட்டும் இதற்கு உதவாது. இழுத்துப் பாடும் பாட்டில் சிறு சொற்களும் நீண்டு, பேச்சின் இயல்பு கெடும். அமெரிக்க ஆசிரியை கரோலின் கிரஹாம் 1978 இல் வெளியிட்ட ‘ஜாஸ் சாண்ட்ஸ்’ என்னும் நூல் அன்றாட உரையாடலையே தாளத்தில் அமைத்தது. அவ்வகை இங்கே ஏற்றது.

முதன்முறை ஏடு மூடியிருக்க, மாணவர் தாளம் மட்டும் தட்டட்டும். மறுமுறை, பாட்டில் யார் எங்கே போகிறார் என்பதுபோல் ஒரே ஒரு வினா போதும். அதன் பின்னரே சில சொற்களை விடுத்து எழுதிய தாளைக் கொடுக்கலாம். பெயர்ச்சொற்களை விடுத்துக் கொடுப்பது ஆசிரியர்க்கு எளிது. ஆனால் மாணவர் செவியை ஏமாற்றுபவை சிறு சொற்களே, ஆகையால் அவற்றையே விடுத்தல் வேண்டும். பரிசளிப்பு விழாவுக்காக ஒரே பாட்டை மாதக்கணக்கில் உருப்போடுவது வேறு காரியம். அதில் தொண்டைக்குத்தான் பயிற்சி.

படுவான்கரைச் சிற்றூர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் பழகப்படுவதைக் கண்டோர் அறிவர். அண்ணாவியார் ஓரடி பாடுவார், மத்தளம் முழங்கும், கூத்தர் அதை ஏற்றுப் பாடுவர். தருவின் ஏற்ற இறக்கம் செவிவழியாகவே நெஞ்சிற் பதிகிறது. இரவெல்லாம் அதைக் கேட்டுத் தலையசைத்த சிறுவன், மறுநாட் காலை ஆங்கில வகுப்பில், இன்னும் கேளாத ஒரு பாட்டைக் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறான்.